மெஹாரிகூர் கல்லறைத் தோட்டத்தில்

நவம்பர் மாதம் நமக்கு இறந்தோரின் மாதம். 2ஆம் நாள் கல்லறையைத் துப்புரவு செய்து, மாலையிட்டு, மெழுகுதிரி ஏற்றிச் செபித்து வருகிறோம். கனடா நாட்டிலோ அதே மாதம் 11ஆம் நாளும் நினைவு நாள்தான். காலை 11 மணிக்கு, சிவப்புப் பாப்பிப் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு, போரில் இறந்தவர்களுக்காக மக்கள் இரண்டு நிமிடம் அமைதியாக நிற்கிறார்கள். மெழுகுதிரி ஏற்ற அவர்களுக்குப் பக்கத்தில் கல்லறை கிடையாது. இரண்டு உலகப் போர்களிலும் கடல் கடந்து இறந்தவர்களின் உடல்கள் ஊருக்குக் கொண்டுவரப்படவில்லை. வசதியுள்ள வீட்டார் மட்டும் பிள்ளையைக் கொண்டுபோக, ஏழை வீட்டார் ஏங்கி நிற்கக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

அப்படிப் பிரான்சில் மெஹாரிகூர் என்ற சிற்றூரில் அடக்கமானவர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி. போலந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1916இல் வினிப்பெக் நகரில் பிறந்தவர். பதினாறு வயதில் தந்தையை இழந்தார். தோல் வெட்டும் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார். 1941இல் கனடிய விமானப் படையில் சேர்ந்தார்.

1944 ஜூன் 12ஆம் நாள் இரவு, கம்ப்ரே நகர ரயில் நிலையத்தைக் குண்டு வீசித் தாக்க அவருடைய லங்காஸ்டர் விமானம் புறப்பட்டது. உள்ளே ஏழு பேர். நள்ளிரவுக்குப் பின் ஜெர்மன் விமானம் சுட்டதில் இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் நின்றன; தீப்பிடித்தது. எல்லாரும் குதிக்கும்படி விமானி உத்தரவிட்டார். ஆனால் வாலில் துப்பாக்கிக் கூண்டுக்குள் இருந்த பாட் பிரோபியால் வெளியே வர முடியவில்லை. அந்தக் கூண்டைத் திருப்பும் விசை இடப்பக்க எஞ்சினிலிருந்து வருவது. கூண்டு நேராகத் திரும்பினால்தான் கதவு திறக்கும். கையால் சுற்றும் பிடியும் முறிந்துபோயிற்று.

குதிக்க வாசலருகே வந்த மைனார்ஸ்கி அதைப் பார்த்துவிட்டார். தீக்குள் தவழ்ந்து போய்க் கோடரியால் கூண்டை நெம்பினார். பிறகு வெறுங்கையால் இழுத்தார். ஆடையும் பாராசூட்டும் பற்றிக்கொண்டன. “போ, போ” என்று பிரோபிதான் கையசைத்துத் துரத்தினார். மைனார்ஸ்கி திரும்பிப் போக மனமில்லாமல், நண்பரைப் பார்த்தபடியே பின்னோக்கித் தவழ்ந்தார். வாசலில் எழுந்து, எரியும் உடையோடு நிமிர்ந்து நின்று, சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். தரையில் பிரெஞ்சு மக்கள் அவரைக் கண்டெடுத்தார்கள். தீக்காயத்தால் இறந்தார். வயது 27.

இனிக் கேளுங்கள். விமானம் விழுந்து மோதியபோது வால் கூண்டு உடைந்து, பிரோபி வெளியே எறியப்பட்டுப் பிழைத்துக்கொண்டார்! மற்ற ஐவரும் பிழைத்தார்கள். இறந்தது காப்பாற்றப் போனவர் ஒருவரே. அப்படியானால் அவர் பட்ட பாடு வீண்தானா? நமக்கும் அந்தக் கேள்வி எழத்தான் செய்கிறது. பிரோபிக்கு எழவில்லை. தீக்குள் நடந்ததைக் கண்ட ஒரே சாட்சி அவர். செப்டம்பர் மாதம் இங்கிலாந்து திரும்பிய பின்புதான் நண்பர் இறந்த செய்தி தெரிந்தது. அவர் சொன்னதால்தான் உலகம் அறிந்தது. 1946 அக்டோபரில் விக்டோரியா சிலுவை என்னும் உயரிய விருதும் அறிவிக்கப்பட்டது. பதக்கம் வினிப்பெக்கில் இருந்த தாயின் கைக்கு வந்தது. மகன் மெஹாரிகூரில் இருந்தான்.

இன்றும் கனடாவின் ஹாமில்டன் நகர அருங்காட்சியகத்தில் ஒரு லங்காஸ்டர் பறக்கும் நிலையில் இருக்கிறது. அதன் பக்கவாட்டில் மைனார்ஸ்கியின் விமானத்துக்குரிய எழுத்துக்களையே தீட்டி வைத்திருக்கிறார்கள்.