வலியைப் பொறுத்துக்கொண்டால் வழக்கு நிற்காது

1993 நவம்பரில் ஒரு பெண்ணுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தது. கோவா அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர் அவர். பிறகும் வயிற்றுவலி விட்டுவிட்டு வந்தது. அறுவை செய்த மருத்துவரிடம் அவர் திரும்பிப் போகவில்லை. 2002இல் மும்பையில் மறுபடி வயிற்றைத் திறந்தபோது உள்ளே காஸ் துணி இருந்தது. 2004இல் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் காலம் கடந்துவிட்டது என்று வழக்கைத் தள்ளியது. செவிலியராக இருந்தும் வலியோடு ஒன்பது ஆண்டுகள் சும்மா இருந்தது ஏன் என்பதே நீதிமன்றத்தின் கேள்வி.

எனக்கு இந்தத் தீர்ப்பு கடுமையானதாகவே படுகிறது. ஆனால் சட்டம் இப்போது அங்கேதான் நிற்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 69ஆம் பிரிவு தருவது இரண்டே ஆண்டுகள். விளைவு உடனே தெரிந்தால் அறுவை நடந்த நாளிலிருந்து கணக்கு ஓடும். தெரிய வழியே இல்லாமல் இருந்தால்தான் கண்டுபிடித்த நாளிலிருந்து ஓடும்.

திருவண்ணாமலையில், குறிப்பாக ரமணாசிரமம் பகுதியில், இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து செங்கம் சாலையை ஒட்டி வாடகைக்குத் தங்கும் முதியவர்கள் இங்கே அதிகம். அறுவை ஓர் ஊரில், ஸ்கேன் இன்னோர் ஊரில், கடைசியில் வேலூரோ புதுச்சேரி ஜிப்மரோ என்று சிகிச்சை சிதறும்போது காகிதங்களும் சிதறிப்போகின்றன. 'தையல் போட்ட இடம் அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே மாதங்கள் போய்விடும்.

மறந்து வைக்கப்பட்ட துணி எப்படி உள்ளே தங்குகிறது? அறுவைக்கு முன்னும் பின்னும் பஞ்சு, துணி, கருவிகளை எண்ண வேண்டும் என்பது விதி. 2003இல் அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே குழுவினர் அமெரிக்காவில் செய்த ஆய்வில், அவசர அறுவைகளிலும் நடுவில் திட்டம் மாறிய அறுவைகளிலும் இந்த ஆபத்து பல மடங்கு கூடியது. எண்ணிக்கை எடுத்திருந்த சம்பவங்களிலும் பெரும்பாலானவற்றில் 'சரி' என்றே பதிவாகியிருந்தது. ஆகவே ஆபரேஷன் நோட்டில் 'எண்ணிக்கை சரி' என்றிருப்பதைப் பார்த்து யாரும் பின்வாங்க வேண்டியதில்லை.

இத்தகைய வழக்கில் உயிர்நாடி இரண்டாவது மருத்துவரின் குறிப்பு. சக மருத்துவரைச் சிக்கவைக்க மனமில்லாமல் 'கட்டி அகற்றப்பட்டது' என்று மட்டும் எழுதிவிட்டால் பின்னால் நிரூபிப்பது பெரும்பாடு. என்ன பொருள், எந்த இடத்தில், எவ்வளவு நீளம் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரும்படி நோயாளி கேட்கலாம், கேட்க வேண்டும். புகைப்படமும் திசுப் பரிசோதனை அறிக்கையும் கையில் இருக்கட்டும். முதல் மருத்துவமனையின் கேஸ் ஷீட்டை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறைகள். எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வயிற்றிலிருந்து துணி எடுக்கப்பட்ட வழக்கில் தவறு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

அடுத்த கேள்வி, இலவசச் சிகிச்சை பெற்றவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா என்பது. தர்ம மருத்துவம் இந்த வட்டாரத்தின் பெருமை. ரமணாசிரமமே இலவச மருந்தகம் நடத்துகிறது. நோயாளிகளை நுகர்வோராகக் கருத முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு காலத்தில் சொல்லியிருந்தது. 1995 நவம்பர் 13 அன்று வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கட்டணம் வாங்கும் மருத்துவமனை சட்டத்துக்குள் வரும். சிலரிடம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடத்தில் இலவச நோயாளிக்கும் உரிமை உண்டு. கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தினாலும் அப்படியே. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாக நடக்கும் இடம் மட்டும் நுகர்வோர் ஆணையத்துக்கு வெளியே.

வெளியே என்றால் பொறுப்பே இல்லை என்றாகாது. 1963இல் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் குடும்பக் கட்டுப்பாடு அறுவையின்போது ஒரு தாயின் வயிற்றில் துணி விடப்பட்டது. சில நாட்களில் அவர் இறந்தார். குடும்பம் சிவில் நீதிமன்றம் போனது. உயர் நீதிமன்றத்தில் தோற்று, 1996இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. கிடைத்தது 36,000 ரூபாய். அரசு ஊழியரான மருத்துவரின் அலட்சியத்துக்கு அரசே பொறுப்பு என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது உண்மை. ஆனால் 33 ஆண்டுகள் ஒரு குடும்பம் காத்திருந்ததை நினைத்தால் மனம் ஆறவில்லை.

பலர் முதலில் ஓடுவது காவல் நிலையத்துக்கு. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, மிகக் கொடிய அலட்சியம் இருந்தால்தான் குற்ற வழக்கு. அதற்கும் முதலில் வேறொரு மருத்துவரின் சுதந்திரமான கருத்து தேவை. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் மருத்துவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம், இழப்பீடு தராது.

இழப்பீட்டுக்கு வழி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 50 லட்சத்துக்கு மேல் போகாதவரை அங்கேயே மனு செய்யலாம். அந்தத் தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம் என்பதால், இங்கே அறுவை செய்துகொண்டு மதுரைக்குத் திரும்பியவர் மீண்டும் மீண்டும் திருவண்ணாமலைக்கு அலைய வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞரைத் தரும். இரண்டு ஆண்டு தாண்டியிருந்தால், வலிக்காக யாரிடம் எப்போது காட்டினீர்கள் என்பதற்கான சீட்டுகளோடு தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.