கடைப் பக்கத்தில் ஒரு பிட்காயின் பொத்தான்

1736இல் ஆற்காட்டு நவாப் தோஸ்து அலிகான், புதுச்சேரியிலேயே ஆற்காட்டு ரூபாய் அடித்துக்கொள்ளும் உரிமையைப் பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கொடுத்தார். அப்போது ஆளுநராக இருந்தவர் துய்மா. வராகன், பணம், துட்டு, காசு என்று பலவகை நாணயங்கள் ஒரே சந்தையில் புழங்கிய காலம் அது. எது நல்ல காசு, எது கள்ளக்காசு, இன்றைக்கு எதற்கு எவ்வளவு மாற்று என்று சொல்ல ஒரு சராப்பு தேவைப்பட்டார். இன்றைக்குச் சின்ன இணையக் கடையொன்றில் கிரிப்டோ பணம் வாங்க வழிசெய்யும் புரோகிராமர் அந்தச் சராப்பின் வேலையைத்தான் எழுதிவைக்கிறார். பொத்தானை வைப்பது ஒரு மாலை நேர வேலை. பணம் வந்ததா, முழுதாக வந்ததா, வந்தது நிலைக்குமா என்று சொல்வதில்தான் மிச்சக் காலமெல்லாம் போகிறது.

கையால் செய்த காகிதத்தில் நோட்டுப் புத்தகம் தைத்து விற்கும் புதுச்சேரிக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளூர்க்காரர் யூபிஐயில் கட்டிவிடுவார். 2024 பிப்ரவரியில் பாரிஸ் ஈபிள் கோபுரத்திலேயே யூபிஐ வந்துவிட்டது. ஆனால் அது அங்கே போகும் நம்மவருக்கு. லியோன் நகரிலிருந்து ஆர்டர் போடும் பிரெஞ்சுக்காரர் கார்டைத்தான் நீட்ட வேண்டும். அப்படி ஆர்டர் போடுபவர்களில் யாரோ ஒருவர் பிட்காயின் வாங்குவீர்களா என்று கேட்கும்போது இந்தக் கதை தொடங்குகிறது.

யூபிஐயில் நடுவே இரண்டு வங்கிகளும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகமும் நின்று ‘கட்டியாயிற்று’ என்று சொல்கின்றன. 2009 ஜனவரியில் ஓடத் தொடங்கிய பிட்காயினில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. உலகெங்கும் பரவிக் கிடக்கும் கணினிகள் ஒரே பேரேட்டை வைத்திருக்கின்றன. அதை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இதற்கென்றே இலவச மென்பொருள் உண்டு. நிக்கோலா டோரியே என்ற பிரெஞ்சுப் புரோகிராமர், ஒரு பெரிய கட்டண நிறுவனத்தின் நிலைப்பாட்டில் கோபப்பட்டு 2017இல் தொடங்கிய பிடிசிபே சர்வர் அது. சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம், கமிஷன் கிடையாது.

ஆர்டர் 1,800 ரூபாய். ஒரு பிட்காயின் 90 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கேட்க வேண்டியது 0.0002 பிட்காயின். இதை டேட்டாபேஸில் ஃப்ளோட் (float) எண்ணாகச் சேமிக்கக் கூடாது. ஜாவாஸ்கிரிப்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். ஒரு பிட்காயினுக்குப் பத்துக் கோடி சடோஷி. 20,000 சடோஷி என்று முழு எண்ணாக எழுதிவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. விலை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுவதால் பில்லுக்குக் கெடு வேண்டும். பிடிசிபேயில் வழக்கமான கெடு 15 நிமிஷம்.

அடுத்தது முகவரி. ஒவ்வொரு பில்லுக்கும் புதிய முகவரி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் பணம் யாருடையது என்று பிரிக்க முடியாது. இங்கே பிட்காயினில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. விரிவுபடுத்திய பொதுச்சாவி என்று ஒன்றை மட்டும் சர்வரில் வைத்தால் போதும், அதிலிருந்து எத்தனை முகவரி வேண்டுமானாலும் வரிசையாகப் பிறக்கும். ஆனால் அதை வைத்து ஒரு சடோஷியைக்கூடச் செலவழிக்க முடியாது. செலவழிக்கும் ரகசியச்சாவி, 12 அல்லது 24 சொற்களாகக் கடைக்காரரின் பூட்டிய அலமாரியில் காகிதத்தில் இருக்கும். சர்வருக்குள் திருடன் புகுந்தாலும் சேர்ந்த பணத்தைத் தொட முடியாது. அவன் அந்தப் பொதுச்சாவியை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்துவிட்டால் இனி வரும் பணம் மட்டும் அவனுக்குப் போகும். அதனால் அந்த ஒரு வரி மாறியிருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். ரகசியச்சாவியையே சர்வரில் போட்டுவைப்பவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

வாடிக்கையாளர் க்யூஆரை ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார். சில நொடிகளில் பரிவர்த்தனை கண்ணில் படும். அது இன்னும் வரிசையில்தான் நிற்கிறது; கூடுதல் கட்டணம் வைத்து அதே பணத்தை வேறு பக்கம் திருப்பிவிட முடியும். சராசரியாகப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பரிவர்த்தனைகளின் ஒரு தொகுதி (பிளாக்) பேரேட்டில் ஏறுகிறது. அதில் இடம்பிடித்தால் ஓர் உறுதி. அதன்மேல் இன்னும் ஐந்து ஏறினால் ஆறு உறுதி. பெரிய தொகைக்கு அதுவரை காத்திருப்பது வழக்கம். 1,800 ரூபாய் நோட்டுப் புத்தகத்துக்கு ஒன்றே போதும். எப்படியும் தபாலில் போகிற பொருள்தானே.

உறுதியானதும் பிடிசிபே உங்கள் செயலிக்கு வெப்ஹுக் என்ற தானியங்கிச் செய்தியை அனுப்பும். அதன் கையெழுத்தைச் சரிபார்க்காமல் ஆர்டரை ‘கட்டியாயிற்று’ என்று மாற்றக் கூடாது; அந்த இணைய முகவரி தெரிந்த எவரும் பொய்ச் செய்தி அனுப்பலாம். ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் பார்சல் ஒன்றுதான் போக வேண்டும். வாடிக்கையாளரின் பிரவுசர் ‘நன்றி’ பக்கத்துக்கு வந்து நிற்பது எதற்கும் சாட்சி ஆகாது. கொஞ்சம் குறைவாக அனுப்புபவர் இருப்பார், கெடு முடிந்து அனுப்புபவர் இருப்பார், இருமுறை அனுப்புபவரும் இருப்பார். திருப்பித் தர வேண்டுமானால், வந்த முகவரிக்கே அனுப்பிவிடக் கூடாது. அது காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சின் பொது முகவரியாக இருந்தால் பணம் அவர் கைக்குப் போய்ச் சேராது. கேட்டு வாங்கிய புதிய முகவரிக்குத்தான் அனுப்ப வேண்டும்.

இத்தனையும் எழுதிவிட்டாலும் இந்தியாவில் இதை ஓடவிடுவதற்கு முன் ஆடிட்டரைப் பார்த்தாக வேண்டும். வங்கிகள் கிரிப்டோ தொழிலுக்குச் சேவை தரக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் போட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்தது. இருந்தாலும் இது சட்டப்படியான நாணயம் ஆகவில்லை. 2022 ஏப்ரல் முதல் இதில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து கைமாறும்போது ஒரு சதவீத டிடிஎஸ்ஸும் சேர்ந்தது. ஏற்றுமதிப் பணம் வங்கி வழியாக வரவேண்டும் என்ற அந்நியச் செலாவணி விதியும் உண்டு. நம் லியோன் வாடிக்கையாளர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்.

வந்த காசை எக்ஸ்சேஞ்சிலேயே கிடத்துவதும் ஆபத்து. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடு போனது. திருடு போகாத வேறுவகைக் காயின் வைத்திருந்தவர்களின் கணக்குகளும் முடங்கின. அப்படி முடங்கிய ஒருவரின் வழக்கில்தான், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது சொத்து, அதை ஒருவர் வைத்துக்கொள்ளவும் அனுபவிக்கவும் முடியும் என்று சொன்னார். புதுச்சேரியும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகிறது.

இந்த ஊரில் கணினி படிக்கும் பிள்ளைகள் இதைக் கற்றே ஆகவேண்டும் என்பேன். அதற்கு உண்மைப் பணம் தேவையில்லை. ரெக்டெஸ்ட் என்ற பயிற்சி வலையமைப்பை உங்கள் லேப்டாப்பிலேயே ஓடவிடலாம். ஒரு கட்டளை கொடுத்தால் அடுத்த நொடியே புதிய தொகுதி பிறக்கும், பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டாம். ஒரு பில் போட்டு 20,000 சடோஷிக்குப் பதில் 19,000 அனுப்புங்கள். இன்னொன்றை 16ஆம் நிமிஷத்தில் அனுப்புங்கள். மூன்றாவதில் பணத்தை அனுப்பிவிட்டு, உறுதி வருவதற்குள் உங்கள் செயலியை நிறுத்துங்கள். இரண்டு தொகுதி ஏறிய பிறகு மறுபடி கிளப்பி, அந்த ஆர்டர் எந்த நிலையில் நிற்கிறது என்று டேட்டாபேஸைத் திறந்து பாருங்கள்.