தோற்ற ஆட்டத்தின் தாள்

ஞாயிறுதோறும் மாலையில் நம் சங்கக் கூடத்தில் சிறுவர் சிறுமியர் சிலர் சதுரங்கப் பலகையைச் சுற்றி அமர்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். பலகைகள் இரண்டே. ஒன்றில் கறுப்புக் குதிரை காணாமற்போய் நெடுநாளாயிற்று. அதன் கட்டத்தில் ஒரு ஜாதிக்காய் வீற்றிருக்கிறது. மட்டாஞ்சேரியில் ஜாதிக்காய்க்கா பஞ்சம்! இப்பிள்ளைகளுள் ஓரிருவர் மெய்யாகவே திறமை வாய்ந்தவர்கள். அவர்களை எவ்வாறு முன்னேற்றுவது என்று பெற்றோர் நம்மைக் கேட்கின்றனர். நாமோ இரயில்வே குமாஸ்தா, சதுரங்க வித்தகரல்லர். ஆயினும் நாம் செய்த பிழை ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

சென்ற ஆண்டு எர்ணாகுளத்தில் நடந்த ஒரு போட்டியில் நம் மகன் ஆடினான். கடைசி ஆட்டத்தில் இருவருக்கும் ராஜா மட்டுமே மிச்சம். நம் பையனிடம் கூடுதலாக ஒரு சிப்பாய். வெல்ல வேண்டிய நிலை. ராஜாவை முன்னே அனுப்பி வழி திறந்த பின்னரே சிப்பாயை நகர்த்த வேண்டும். அவன் அவசரப்பட்டுச் சிப்பாயை ஓட்டினான். எதிரியின் ராஜா வழிமறித்து நின்றுகொண்டது. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. படகுத்துறை வரையில் நாம் அவனைக் கடிந்துகொண்டே வந்தோம். செலவழித்த பணத்தையும் எடுத்த விடுப்பையும்கூடச் சொல்லிக் காட்டினோம். அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குத் தலைவலி வரத் தொடங்கியது. இரு மாதங்கள் கழித்து அவனது கணக்குப் புத்தகத்தினுள் அந்த ஆட்டத்தைக் குறித்த தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கக் கண்டோம். பிழையான அந்நகர்த்தலைச் சுற்றிப் பென்சிலால் பலமுறை வட்டமிட்டிருந்தான். தன் தவற்றைத் தனியே தேடியிருக்கிறான். நம்மிடம் காட்ட அஞ்சியிருக்கிறான்.

விசுவநாதன் ஆனந்தின் அன்னையார் சுசீலாவை அப்பொழுது நினைத்துக்கொண்டோம். ஆனந்தின் தந்தையார் இரயில்வே உயர் அதிகாரி. 1970களின் இறுதியில் பணிநிமித்தம் அக்குடும்பம் மணிலாவுக்குச் சென்றது. நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் போனவர்களே. அங்கே தொலைக்காட்சியில் பகல்வேளையில் சதுரங்கப் புதிர் வரும். பையன் பள்ளியில் இருக்க, அன்னையார் அதைக் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை காண்பார்கள். பரிசு ஒரு புத்தகம். பையன் ஓயாது வென்றதனால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்பாதிருக்கும்படி நிகழ்ச்சியார் கேட்டுக்கொண்டனராம்! அச்சிறுவரே 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

அன்னையின் துணையோடு சங்கத்தின் துணையும் அவருக்கு இருந்தது. பர்மாவில் பிறந்து, 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், 1972இல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் தால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். ஆனந்த் அங்கே விரைவாட்டம் ஆடிப் பழகினார். தோற்றவர் எழுந்து இடம்விட வேண்டும், வென்றவர் அமர்ந்திருப்பார். பலகைக்குப் பஞ்சமான நம் கூடத்திற்கும் இம்முறை பொருந்தும்.

கைப்பேசியிலேயே வல்லாளனான கணினி இருக்கையில் பெரியவர்கள் எதற்கு என்று சிலர் வினவலாம். கணினி விடையை நொடியில் சொல்லிவிடும். பிள்ளை அந்நகர்த்தலை ஏன் செய்தான் என்று அது கேட்பதில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், 18 வயதில் உலகப் பட்டம் வென்ற குகேசை அவர் ஆசிரியர் விஷ்ணு பிரசன்னா தொடக்கத்தில் பல ஆண்டுகள் கணினியின் உதவியின்றியே பயிற்றுவித்தார். முதலில் தானே எண்ண வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஆதலின் நம் கூடத்திலும் இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறோம். ஆடிய ஆட்டத்தை எழுத வேண்டும். தோற்றதை முதலில் காட்ட வேண்டும். ஆட்டம் தெரியாத தாய்மாரும் பக்கத்தில் அமர்ந்து, “இங்கே என்ன நினைத்தாய்?” என்று கேட்கலாம். பிள்ளை வாய்விட்டுச் சொல்லும்போதே பாதிப் பிழை தெரிந்துவிடுகிறது. சிப்பாய், ராஜா மட்டும் எஞ்சிய ஆட்டங்களையே இரண்டு மாதம் பழகுகிறோம்; பிள்ளைகள் முதலில் சலித்துக்கொண்டார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

மடித்து வைத்த அந்தத் தாளை ஒருநாள் இரவு நாமும் மகனும் பலகையில் பரப்பினோம். சிப்பாயை விட்டு ராஜாவை அவன் முன்னே நகர்த்தினான். எதிரியின் ராஜாவை நாம் எங்கே ஒதுக்கியும் பயனில்லை, தோற்றோம். மறுபடியும் ஆடினோம், மறுபடியும் தோற்றோம். பலகையை மடிக்கும்போது அவன் கேட்டான்: “அப்பா, நாளைக்கு உங்களுக்கு இராத்திரி டியூட்டியா?”