புகை வந்த பிறகு பில்லைத் தேடாதீர்கள்

கம்ப்யூட்டருக்கு எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளையை மாற்றப் போகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் விலையையும் வாட்டையும்தான். சென்னை ரிச்சி தெருவானாலும் ஊர்க் கடையானாலும், அட்டைப்பெட்டியில் '450 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் பேரம் தொடங்கிவிடும். சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்துக் கட்டத்தைப் படியுங்கள். அதில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்றிருந்தால், பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பங்குபோட்டுக்கொள்ள இருப்பது 192 வாட்தான். அட்டையில் உள்ள 450 வெறும் அலங்காரம்.

மதர்போர்டில் மாட்ட வேண்டியவை முக்கியமாக இரண்டு: 24 பின் பெரிய கனெக்டர், பிராசசர் பக்கத்தில் 4 அல்லது 8 பின். வம்பு இந்த 8 பின்னில்தான். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க அதே மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றில் 12 வோல்ட் வரும் வரிசை மற்றதில் கிரவுண்ட். நாலும் நாலுமாகப் பிரிந்தால் அது பிராசசருக்கு. ஆறும் இரண்டுமாகப் பிரிந்தால் கார்டுக்கு. சரியான கனெக்டர் கிளிக் என்று தானே பூட்டிக்கொள்ளும். பலம் போட்டு அமுக்க வேண்டியிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

இதைவிட ஆபத்தானவை மாடுலர் சப்ளையின் கழற்றி மாட்டும் கேபிள்கள். போர்டு பக்கத்துக்கு எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விதி. சப்ளை பக்கத்துக்கு அப்படி ஒன்று இல்லை. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்கூட மாறலாம். "பழைய கேபிளே இருக்கட்டும் சார், பெட்டியை மட்டும் மாத்திடலாம்" என்றால் சம்மதிக்காதீர்கள். 5 வோல்ட் போகும் இடத்தில் 12 வோல்ட் போனால் ஹார்டு டிஸ்க் காலி. டிஸ்க்குக்கு வாரண்டி உண்டு. உள்ளே இருந்த கல்யாணப் படங்களுக்குக் கிடையாது.

ஷட்டவுன் செய்தாலும், சுவரில் கரண்ட் இருக்கும்வரை ஊதா வயரில் 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பிளக்கை உருவிவிட்டுக் கை வையுங்கள். சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். உருவிய பிறகும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

போர்டு எரிந்துவிட்டால் கடையில் கிடைக்கும் முதல் பதில், "நீங்க தப்பா மாட்டியிருப்பீங்க". அவர்களே மாட்டித் தந்தார்கள் என்று காட்ட பில் வேண்டும்: மாடல், சீரியல் எண், மாட்டிய கூலி தனி வரியாக. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையும் குறையுள்ள பொருள் விஷயத்தில் செல்லாது. பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் கொண்டுவருவதைக் கடைக்காரர் திரும்ப எடுத்தாக வேண்டும்.

எரிந்ததைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையம் அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். வாரண்டிக்குக் கொடுப்பதானால் போட்டோ எடுத்துவிட்டு, சீரியல் எண் எழுதிய ரசீது வாங்குங்கள்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யுங்கள். தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. வணிகத்துக்கு வாங்கியவருக்கு இந்த வழி கிடையாது என்பார்கள். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழிலாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான்.