இரண்டு மலைகள் பேசிக்கொள்கின்றன

தேர்த் திருவிழாக் கூட்டத்தில் காவலர் தோளில் மாட்டியிருக்கும் வாக்கி-டாக்கியைப் பார்த்திருப்பீர்கள். ‘கர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல், அதன் பின்னே ஒரு குரல், கடைசியில் ‘ஓவர்’. ஏறக்குறைய அதே மாதிரி ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, கனடாவின் மேற்குக் கரையில் உள்ள வான்கூவர் நகரில் ஒருவர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 4000 கிலோமீட்டருக்கு அப்பால், கிழக்குக் கரையில் உள்ள ஹாலிஃபாக்ஸ் நகரில் இன்னொருவர் அதைத் தன் வாக்கி-டாக்கியில் கேட்கிறார், பதிலும் சொல்கிறார். இருவர் கையிலும் செல்போன் இல்லை. அந்தக் கருவியின் சக்தி வெறும் 5 வாட். ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு எரிவதற்குத் தேவையான மின்சாரம், அவ்வளவுதான்.

இது எப்படி முடிந்தது?

முதலில், ஏன் முடியாது என்று பார்த்துவிடுவோம். இந்த மாதிரிக் கருவிகளை வைத்துப் பொழுதுபோக்காகவும் சேவையாகவும் பேசுகிறவர்களை ‘ஹாம்’ என்பார்கள். கனடாவில் அவர்கள் அதிகம் பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்று 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது. இந்த அலையின் நீளம் சுமார் 2 மீட்டர். இது டார்ச் வெளிச்சம் போல, கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். பூமியோ உருண்டை. கொஞ்ச தூரம் போனதும் தரை கீழே வளைந்துவிடும், அலை மேலே விண்வெளிக்குப் போய்விடும்.

எவ்வளவு தூரம் போகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்குங்கள். வருவது கிலோமீட்டர். தரையில் நிற்கும் ஒருவர் கையில் கருவி ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டர். அதே கருவியோடு 1000 மீட்டர் உயரமுள்ள மலை உச்சிக்குப் போனால்? 130 கிலோமீட்டர்! கருவி மாறவில்லை, பேட்டரி மாறவில்லை. உயரம் மட்டும்தான் மாறியது.

எல்லோராலும் எப்போதும் மலையில் போய் உட்கார முடியாது. அதனால் மலையில் ஓர் இயந்திரத்தை உட்கார வைத்தார்கள். அதன் பெயர் ரிப்பீட்டர். கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதான் அதன் வேலை. கீழே ஊரில் இருப்பவர் பலவீனமாகப் பேசுவதைக் கேட்டு, அதே நொடியில் பலமாக ஊர் முழுக்கச் சொல்லும்.

‘அதே நொடியில்’ என்பதைக் கவனியுங்கள். கேட்டுக்கொண்டே பேச வேண்டும். பக்கத்தில் ஒருவர் தவில் வாசித்துக்கொண்டிருக்கும்போது, தெருமுனையில் ஒருவர் கிசுகிசுப்பது உங்களுக்குக் கேட்குமா? ரிப்பீட்டரின் கஷ்டமும் அதுதான். அதனால் அது கேட்பது ஓர் அதிர்வெண்ணில், பேசுவது வேறோர் அதிர்வெண்ணில். வட அமெரிக்காவில் வழக்கமான ஒரு ஜோடி: 146.34 மெகாஹெர்ட்ஸில் கேட்கும், 146.94 மெகாஹெர்ட்ஸில் சொல்லும். இடைவெளி 0.6 மெகாஹெர்ட்ஸ்தான். இவ்வளவு சின்ன இடைவெளியில் இரண்டையும் பிரிப்பதற்கு உயரமான உலோக உருளைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். ஜலதரங்கக் கிண்ணங்கள் ஒவ்வொன்றும் தன் சுரத்துக்கு மட்டும் ஒலிக்கிற மாதிரி, ஒவ்வோர் உருளையும் தனக்குரிய அதிர்வெண்ணுக்கு மட்டும் இசைந்து கொடுக்கும். எனக்கு ரிப்பீட்டரில் மிகவும் பிடித்த பாகம் இந்த உருளைகள்தான். சுவிட்ச் கிடையாது, சிப் கிடையாது. வடிவத்தாலேயே வேலை செய்கின்றன.

சரி, ஒரு மலை ஒரு வட்டாரத்துக்குப் போதும். கனடா முழுவதற்கும்? மலைக்கு மலை ரிப்பீட்டர் வைத்து, ஒன்று சொல்வதை அடுத்தது கேட்கும்படி சங்கிலி போடலாம். சில இடங்களில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் கனடாவின் நடுவில் பரந்த சமவெளி கிடக்கிறது, அங்கே மலைக்கு எங்கே போவது? சங்கிலியில் ஒரு கண்ணி பழுதானாலும் எல்லாம் அறுந்துவிடும்.

1997இல் வான்கூவரைச் சேர்ந்த டேவிட் கேமரன் என்ற ஹாம் வேறு வழி யோசித்தார். வான்கூவர் மலைக்கும் கிழக்குக் கரை மலைக்கும் இடையே இணையம் ஏற்கெனவே ஓடுகிறதே! ஊருக்குள் வானொலி அலை, ஊர்களுக்கு நடுவே இணையம் என்று வைத்துக்கொண்டால் என்ன?

முதலில், அப்போது கடையில் கிடைத்த இணையத் தொலைபேசி மென்பொருளை வைத்துத்தான் முயன்றார்கள். குரல் போனது. ஆனால் கொஞ்ச காலத்திலேயே தகராறும் தொடங்கியது. அந்தத் தகராறில்தான் இந்தக் கதையின் சாரம் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம். வாக்கி-டாக்கியில் அப்படி முடியாது. பொத்தானை அழுத்தினால் பேச்சு, விட்டால் கேட்பு. ஆகவே நடுவில் இருக்கும் கணினிக்கு ஒரு விஷயம் தெரிந்தே ஆக வேண்டும்: ‘இப்போது யாராவது பேசுகிறார்களா, பேசி முடித்துவிட்டார்களா?’ அதை எப்படித் தெரிந்துகொள்வது? ‘சத்தம் வந்தால் பேச்சு, சத்தம் நின்றால் முடிவு’ என்று விட்டுவிடலாம் எனத் தோன்றும். விட்டுப் பாருங்கள். நீங்கள் ‘வணக்கம்’ என்கிறீர்கள். சத்தம் வருகிறது என்று கணினி உணர்வதற்குள் முதல் எழுத்து போய்விட்டது. அந்தப் பக்கம் ‘ணக்கம்’ என்று கேட்கிறது. மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்துகிறீர்கள். முடித்துவிட்டார் என்று நினைத்துக் கணினி இணைப்பை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. நாம் பேசி முடித்ததும், ‘அடுத்தவர் பேசலாம்’ என்று சொல்ல ரிப்பீட்டர் ‘பீப்’ என்று ஓர் ஒலி கொடுக்கும். அந்தப் பீப்பையும் பேச்சு என்று நினைத்துக் கணினி அடுத்த மலைக்கு அனுப்பும். அந்த மலை அதை ஒலிபரப்பிவிட்டுத் தன் பீப்பைக் கொடுக்கும். அது இங்கே திரும்பி வரும். மறுபடி பீப். ஊரே தூங்கிய பிறகும் இரண்டு மலைகளும் விடிய விடிய ‘பீப்... பீப்...’ என்று பேசிக்கொண்டிருக்கும்!

கேமரன் சத்தத்தை நம்புவதை விட்டார். வாக்கி-டாக்கியைப் போலவே ரிப்பீட்டரிலும், யாரும் பேசாதபோது இரைச்சல் கேட்காமல் அடக்கி வைக்கும் ஒரு பகுதி உண்டு. அதற்கு ஸ்குவெல்ச் என்று பெயர். யாராவது பொத்தானை அழுத்தினால், அவர் வாயே திறக்காவிட்டாலும் அலை வந்து சேரும். ஸ்குவெல்ச் உடனே திறக்கும். அப்படியானால் யார் எப்போது அழுத்தினார், எப்போது விட்டார் என்பது அந்தப் பகுதிக்குத் துல்லியமாகத் தெரியும்! அங்கிருந்து ஒரு கம்பியை இழுத்து, தானே வடிவமைத்த சின்ன மின்சுற்றுப் பலகை வழியாக, கணினியில் பிரிண்டர் மாட்டும் துளையில் இணைத்தார். கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடியது. 1998இல் அது நிலையாக வேலை செய்யத் தொடங்கியது. இன்டர்நெட் ரேடியோ லிங்கிங் ப்ராஜெக்ட், சுருக்கமாக ஐ.ஆர்.எல்.பி. என்று அதற்குப் பெயர். ஒரே ஒரு கம்பி. ஊகத்தை விட்டுவிட்டு உண்மையைக் கேட்ட கம்பி. என் கணக்கில் இந்தக் கதையின் கதாநாயகன் அதுதான்.

இனி குரல் போகும் பாதை. மலையில் வந்த குரலைக் கணினி நொடிக்கு 8000 முறை அளந்து எண்களாக்கும். ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட் என்றால் நொடிக்கு 64,000 பிட். தொலைபேசிக் கம்பி வழியே வந்த அன்றைய டயல்-அப் இணையத்துக்கு இது பெரிய சுமை. அதனால் எண்ணை முழுதாக எழுதாமல், முந்தைய அளவிலிருந்து எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று மட்டும் எழுதும் முறை வந்தது, சுமை பாதியானது. செல்போனில் பயன்பட்ட இன்னொரு முறை அதைச் சுமார் 13,000 பிட்டுக்குக் கொண்டுவந்தது.

இந்த எண்கள் சின்னச் சின்னப் பொட்டலங்களாக இணையத்தில் கிளம்பும். சில சீக்கிரம் வரும், சில தாமதமாக வரும். வந்தவுடன் ஒலித்தால் குரல் விக்கி விக்கி வரும். உங்கள் வீட்டு மொட்டை மாடித் தொட்டியை நினைத்துப் பாருங்கள். நகராட்சித் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும், தொட்டியில் பிடித்து வைத்தால் குழாயில் சீராகக் கொட்டுகிறது அல்லவா? கணினியும் பொட்டலங்களைக் கொஞ்சம் சேர்த்து வைத்துவிட்டுத்தான் ஒலிக்கத் தொடங்கும். ஏதாவது ஒரு பொட்டலம் ரொம்பத் தாமதமானால் அதற்காகக் காத்திருக்காது. பேச்சில் பழைய சொல் பிந்தி வந்து என்ன பயன்?

இப்போது வான்கூவர்க்காரர் கையருகே போவோம். கருவியின் முகப்பில் தொலைபேசி போலவே எண் பொத்தான்கள். அவர் பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டே நான்கு இலக்க எண் ஒன்றைத் தட்டுகிறார். ஒவ்வொரு பொத்தானும் இரண்டு சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும். 5 என்றால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும். மலை அதைக் கேட்கிறது, கணினி புரிந்துகொள்கிறது, எதிர் மலையைக் கூப்பிடுகிறது. இணைப்பு கிடைத்ததும் ஒரு குரல் அறிவிக்கிறது. அவர் பொத்தானை அழுத்துகிறார், உடனே பேசவில்லை. ஒரு நொடி பொறுக்கிறார். இரண்டு மலைகளும் இரண்டு கணினிகளும் விழித்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும். பேசி முடித்ததும் மறுபடி ஓர் இடைவெளி விடுகிறார், வேறு யாருக்காவது அவசரம் இருந்தால் குறுக்கிட வேண்டுமே! கடைசியில் 7, 3 என்று தட்டுகிறார், இணைப்பு துண்டிக்கப்படுகிறது. ஹாம்களின் மொழியில் 73 என்றால் ‘நல்வாழ்த்துகள்’.

2002இல் ஜோனதன் டெய்லர் என்ற அமெரிக்க ஹாம் எக்கோலிங்க் என்ற மென்பொருளை வெளியிட்டார். வானொலிக் கருவி இல்லாமல், கணினியிலிருந்தே தொலைதூர ரிப்பீட்டரோடு பேச அது வழி செய்தது. யார் வேண்டுமானாலும் நுழைந்துவிட முடியாது. ஹாம் உரிமம் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே அனுமதி. அதில் 9999 என்ற எண்ணை அழைத்தால், நாம் பேசியது நமக்கே திரும்ப ஒலிக்கும். நம் குரல் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க அருமையான வழி.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கா என்று கேட்டால், மயாமிக்குப் போவோம். அமெரிக்காவின் தேசியச் சூறாவளி மையம் அங்கே இருக்கிறது. அந்த மையத்துக்குள்ளேயே 1980 முதல் ஒரு ஹாம் நிலையம் இயங்குகிறது. அட்லாண்டிக் கடலில் சூறாவளி கிளம்பி ஒரு தீவை நெருங்கும்போது, தீவில் இருக்கும் ஹாம்கள் காற்றின் வேகம், காற்றழுத்தம், மழை ஆகியவற்றை அளந்து சொல்கிறார்கள். சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலியிலும் சொல்கிறார்கள், ஐ.ஆர்.எல்.பி., எக்கோலிங்க் இரண்டையும் ஒன்றாக இணைத்த தளத்திலும் சொல்கிறார்கள். செயற்கைக்கோள் மேலிருந்து மேகத்தைப் பார்க்கும். தெருவில் எந்த மரம் விழுந்தது என்பதைத் தெருவில் நிற்பவர்தான் சொல்ல முடியும்.

புயலில் இணையமே போய்விட்டால்? இணைப்பு அறுந்துவிடும், அதை மறைக்க வேண்டியதில்லை. இணையத்தை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்று ஹாம்களே சொல்கிறார்கள். ஆனால் மலை உச்சி ரிப்பீட்டருக்கு ஒரு பேட்டரி இருந்தால், அந்த ஊர் தனக்குள் தொடர்ந்து பேசிக்கொள்ளும். வெளி உலகத்துக்குச் செய்தி சொல்லச் சிற்றலை இருக்கிறது. அது வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பூமியின் வளைவைத் தாண்டிப் போகும்.

பிள்ளைகளே, இந்தியாவில் ஹாம் உரிமத் தேர்வு எழுத 12 வயது ஆகியிருந்தால் போதும். மின்னியல் அடிப்படைகளும் வானொலி விதிகளும் கேட்பார்கள். தேர்வில் வென்று உரிமம் பெற்றால் உங்களுக்கென்று ஓர் அழைப்புக் குறி கிடைக்கும். இந்திய ஹாம்களின் குறிகள் பெரும்பாலும் ‘வி.யு.’ என்று தொடங்கும். அதன்பின் வரும் எண்ணும் எழுத்துகளும் சேர்ந்த முழுக் குறி உலகத்தில் உங்களுக்கு மட்டுமே உரியது. உங்கள் ஊர்ப் பக்கம் ஹாம் யாராவது இருக்கிறாரா என்று அறிவியல் ஆசிரியரிடம் நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.