துவக்கு வரும், வாஷர் வருமா?

2021 ஜூலை, டோக்கியோ ஒலிம்பிக். பெண்களுக்கான 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கித் தகுதிச் சுற்று. 75 நிமிடத்துக்குள் 60 சூடு முடிக்க வேண்டும். இடையில் இந்திய வீராங்கனையின் துப்பாக்கி பழுதாகி நின்றுவிட்டது. சரிசெய்து திரும்புவதற்குள் ஏறத்தாழ இருபது நிமிடம் போய்விட்டது. மிஞ்சிய நேரத்தில் அவசர அவசரமாகச் சுட்டு 575 புள்ளி எடுத்தார். இறுதிச் சுற்றுக்குக் கடைசி ஆளாக நுழைந்தவரின் புள்ளி 577.

மூன்று வருடம் கழித்துப் பரிஸில் அதே பெண் இரண்டு வெண்கலம் வென்றதை எல்லோரும் கொண்டாடினோம். அதே பரிஸில், காற்சட்டைப் பைக்குள் ஒரு கையை விட்டபடி சுட்டு வெள்ளி வென்ற 51 வயதுத் துருக்கிக்காரரின் படம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் போகாத கைபேசி இல்லை. "கண்ணாடியும் இல்லை, கருவியும் இல்லை, சும்மா நின்று சுட்டார்" என்று ஒரு கதையும் கூடவே பரவியது. அவர் போட்டது சாதாரணக் கண்ணாடி என்பது சரி. கையில் இருந்ததோ முதல்தரப் போட்டித் துப்பாக்கி. அதை யாரும் பார்க்கவில்லை.

இப்போது கேள்வி நம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டுச் சரிவருமா?

தாராளமாகச் சரிவரும். பத்து மீற்றர் நீளமும் பாதுகாப்பான பின்சுவரும் உள்ள மண்டபம் போதும். உயரமோ உடற்கட்டோ பெரிதாகத் தேவையில்லை. 1994இல் கனடாவின் விக்டோரியாவில் நடந்த பொதுநலவாயப் போட்டியில் இலங்கைப் பெண்கள் இருவர் காற்றுத் துவக்கில் தங்கம் வென்று காட்டியிருக்கிறார்கள். முப்பது வருடம் வெடிச்சத்தம் கேட்ட மண்ணில் பிள்ளையின் கையில் மறுபடியும் துவக்கா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. என்னுடைய பயம் வேறு. துவக்கு வந்து சேர்ந்த பிறகு அதை யார் பார்த்துக்கொள்வது?

வாங்கும்போதே பிழை தொடங்கிவிடுகிறது. விலை கூடினால் தரம் கூடும் என்று நினைத்து இரண்டாயிரம் யூரோவை எண்ணிக் கொடுப்பார்கள். சுடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பிடி. அது வலக்கை, இடக்கை என்று தனித்தனியாகவும், சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவளவாகவும் வரும். பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் பெரியவரின் பிடியைத் திணித்தால் மணிக்கட்டு ஒவ்வொரு சூட்டுக்கும் ஒவ்வொரு விதமாகத் திரும்பும். இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மில்லிமீற்றர்தான். விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் பாரம் வேண்டும், துப்பாக்கியின் மொத்த எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது, சப்பாத்து கணுக்காலை மூடக் கூடாது என்று விதிகள் இருக்கின்றன. இவற்றைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் குறைவு.

அடுத்தது சிலிண்டர். இந்தத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. குழலுக்குக் கீழே உள்ள சிறிய சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றுத்தான் ஈயச் சன்னத்தைத் தள்ளுகிறது. அந்தச் சிலிண்டருக்கு ஆயுள் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு, தயாரித்த நாளிலிருந்து பத்து வருடம். காலாவதியானதைக் கொண்டுபோனால் சர்வதேசப் போட்டியில் கருவிப் பரிசோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். வெளிநாட்டில் ஒருவர் பாவித்துவிட்டு அன்பளிப்பாகத் தரும் துப்பாக்கியில் முதலில் வாசிக்க வேண்டியது அந்தத் திகதியை.

இனி எங்கள் காற்றுக்கு வருவோம். கடலோ கடல்நீரேரியோ எட்டாத ஊர் குடாநாட்டில் இல்லை. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் வேகம் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் ஈயச் சன்னங்களில்கூட வெள்ளை பூக்கும். கைப்பம்பால் சிலிண்டரை நிரப்பினால் ஈரக்காற்றும் சேர்ந்து உள்ளே போய் நீராகத் தங்கும். உள்ளிருந்தே அரிப்புத் தொடங்கும். நல்ல வழி, ஈரம் வடிகட்டிய கம்பிரசரால் நிரப்பிய பெரிய சிலிண்டரிலிருந்து மெதுவாக மாற்றுவது. கடலட்டைக்குச் சுழியோடுகிறவர்கள் முதுகில் சுமப்பதும் ஏறக்குறைய அதே அழுத்தம்தான். அந்த அறிவு எங்கள் கரையோரத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கம்பிரசரின் வடிகட்டியை நேரத்துக்கு மாற்றுகிறார்களா என்பதுதான் கேள்வி.

வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. சுட்டு முடிந்ததும் வெளிப்புறத்தைத் துடைக்க வேண்டும். குழலுக்குள் அவ்வப்போது கம்பளித் தக்கையை விட்டு எடுக்க வேண்டும். காற்றுக் கசிந்தால் றப்பர் வாஷரை மாற்றி, அதற்கென்று வரும் சிலிக்கன் கிறீஸைப் பூச வேண்டும். தையல் மெஷின் எண்ணெயை அங்கே விடவே கூடாது. அழுத்தக் காற்றும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பற்றும் ஆபத்து உண்டு. ஈயம் தொட்ட கையை, பிள்ளைகள் முக்கியமாக, சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். ஒரு வாஷர் சில ரூபாய்க் காசு. அது அலுமாரியில் இல்லாத அன்று இரண்டாயிரம் யூரோத் துவக்கு வெறும் இரும்பு.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாங்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள். எதுவும் இல்லாதபோது எதையாவது செய்து ஓட்டிவிடுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கெட்டித்தனம் 200 பார் அழுத்தத்துக்கு முன்னால் ஆபத்தானது. வெட்டிய டியூப் துண்டை வாஷராக வைக்கிற இடம் அதுவல்ல. ஓடும்வரை ஓடட்டும், நின்றால் பார்ப்போம் என்ற பழக்கம் இல்லாமைக் காலத்தில் எங்களைக் காப்பாற்றியது. தாராளமாகப் பொருள் வரும் காலத்தில் அதுவே எங்களைக் கெடுக்கிறது.

சுவிஸிலிருந்தோ கனடாவிலிருந்தோ காசு வரும். பழைய மாணவர் சங்கம் பட்டியல் போடும். நாடா வெட்டி, அன்பளிப்பாளர் பெயரோடு பலகை மாட்டுவார்கள். மூன்றாம் வருடம் உடற்பயிற்சி அறையில் ஓடும் இயந்திரம் ஓடாது. ஆய்வுகூடத்தில் நுண்காட்டியின் வில்லையில் பூஞ்சணம் படரும். புதிதாக வாங்கித்தர ஆள் உண்டு. பழையதைப் பார்க்கிற ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க ஆள் இல்லை, ஏனென்றால் அந்தச் செலவுக்குப் பலகை மாட்ட முடியாது.

காற்றுத் துவக்கோடு நில்லாமல், அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, சுட்ட பித்தளைக் கோதுகளை மறுபடி நிரப்பும் இயந்திரத்தைப் பற்றிக் கேட்கும் இளைஞர்களும் உண்டு. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் வெடிபொருள் சட்டமும் உள்ள நாட்டில் அது வீட்டுப் பொழுதுபோக்கு ஆகாது. ஆனாலும் அங்கே ஒரு பாடம் இருக்கிறது. மருந்து குறைந்த ஒரு கோதால் ரவை குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். அதனால்தான் பொறுப்புள்ளவர்கள் தராசை ஒவ்வொரு முறையும் சோதித்து, இயந்திரத்தைத் துடைத்து, கணக்கு எழுதிவிட்டே வேலையில் இறங்குகிறார்கள்.

ஆகவே, குடாநாட்டில் ஒரு சுடுதளம் கட்ட நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். துவக்குக்கு ஒதுக்கும் அளவு காசை, முதல் ஐந்து வருடத்துச் சன்னம், உதிரிப்பாகம், கம்பிரசர் பராமரிப்பு, பழுது பார்க்கப் பயின்ற ஒருவரின் சம்பளம் ஆகியவற்றுக்கும் வங்கியில் போடுங்கள். ஒரு பிள்ளை நாளுக்கு 60 சூடு சுட்டால் 500 சன்னம் உள்ள பேணி ஒன்பதாம் நாளைத் தாண்டாது. அந்தக் கணக்கை முதலில் எழுதுங்கள். அது முடியாதென்றால் காசைக் கோலூன்றிப் பாய்தலுக்குக் கொடுங்கள். வசதி குறைந்த மைதானங்களில் பயின்றே யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அதில் தேசிய சாதனை படைத்தார்கள். அவர்களுக்கு இன்னொரு நல்ல கோல் கிடைத்தால் அது நாளைக்கே பயன்படும். பூட்டிய அலுமாரியில் துருப்பிடிக்கும் துவக்கால் ஒருவருக்கும் பயனில்லை.