விளையாட்டுக்கு ஒரு செயலி, தொழிலுக்கு ஒரு செயலி

கொச்சித் துறைமுகத்துக்குத் தெற்கே காயல்நீர் சூழ்ந்த கும்பளங்கியில் நம் நண்பர் ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். தென்காசிப் பக்கத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கு முன் வந்தவர். மத்திய அரசின் மொழிபெயர்ப்பு உத்தியோகத்தில் நாம் கொச்சிக்கு மாற்றலாகி வந்த நாள் முதல், புழுங்கலரிசியும் நல்லெண்ணெயும் அவரிடமே வாங்கி வருகிறோம். பிற மாநிலத்தில் வாழ்கின்ற தமிழர்க்கு இத்தகைய கடைகள் வெறும் கடைகள் அல்ல என்பதை நேயர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஒருநாள் மாலை அண்ணாச்சி இரண்டு காகிதங்களை நம்மிடம் நீட்டினார். "சார், இதுல எதை வாங்கணும்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றார். எறணாகுளத்துக் கடை ஒன்றில் வாங்கிய கணிப்பொறிக் கொட்டேஷன்கள் அவை. இரண்டிலும் மதர்போர்டு, ரேம், பெட்டி, மின்வழங்கி யாவும் ஒன்றே. வேறுபட்டது செயலி மட்டுமே. ஒன்றில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7 9800எக்ஸ்3டி. மற்றொன்றில் அதே நிறுவனத்தின் ரைசன் 9 9950எக்ஸ்.

அவருடைய மகள் கட்டப்படாத வீடுகளுக்குப் படம் வரைகிறவள். வளைகுடா நாடுகளில் பொருளீட்டும் மலையாளிகள் ஊரில் வீடு கட்டத் தொடங்குமுன், அது எப்படித் தோன்றும் என்று வெயிலும் நிழலும் விழ, முற்றத்தில் காரும் நிற்க, புகைப்படம் போலவே பார்க்க விரும்புகின்றனர். அத்தகைய படம் ஒன்றை அவளுடைய பழைய கணிப்பொறி இரவு முழுவதும் இருந்து முடிக்கும்; சில இரவுகளில் நடுவிலேயே நின்றும் போகும். குறித்த நாளில் படம் கொடுக்க இயலாமையால் வாடிக்கையாளர் இருவர் கைவிட்டுப் போயினர். மகனோ கல்லூரி மாணவன். துப்பாக்கி விளையாட்டில் பிரியமுள்ளவன். இருவருக்கும் ஒரே இயந்திரம். அதற்கான பணம் அண்ணாச்சி மூன்று ஆண்டுகள் கட்டிய சிட்டிப் பணம். தவறாக வாங்கினால் மறுபடியும் மூன்று ஆண்டுகள். கடைக்காரரோ, "9800 தான் உலகத்திலேயே முதல், இதில் கேஷ் அதிகம்" என்றாராம். "கேஷ் எங்கிட்டக் குறைவாச்சே" என்று திரும்பி வந்துவிட்டார் நம் நண்பர்.

இந்தக் கேஷ் பணமன்று. கலைச்சொல் அகராதியில் இதற்கு 'இடைமாற்று நினைவகம்' என்று தமிழ் உண்டு. மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் அச்சொல்லில் நமக்கு மதிப்புண்டு. எனினும் கடைத்தெருவில் அதைச் சொல்லிப் பொருள் வாங்க முடியாது. ஆகவே கேஷ், கோர் என்று வழங்கும் சொற்களையே இங்கே கையாள்கிறோம்.

அண்ணாச்சியின் கடையைக் கொண்டே கேஷ் இன்னதென்று விளக்கிவிடலாம். கல்லாவில் அமர்ந்தபடி கையெட்டும் தூரத்தில் சீரகம், கடுகு, தீப்பெட்டி. நாலடி நடந்தால் அலமாரி. கடைக்குப் பின்னால் கிடங்கு. அங்கும் இல்லாவிட்டால் பெரும்படப்புப் பாலம் கடந்து மட்டாஞ்சேரி மண்டிக்குப் போக வேண்டும். செயலியின் நிலையும் இதுவே. கணக்கிட வேண்டிய தகவல் முதலில் கையெட்டும் சிறு கேஷிலும், பிறகு எல்-3 எனப்படும் பெரிய கேஷிலும், பிறகு ரேமிலும், கடைசியாக வட்டிலும் தேடப்படுகிறது. இந்தச் செயலிகள் ஒரு வினாடியில் 500 கோடி முறைக்கு மேல் துடிக்க வல்லவை. பெரிய கேஷிலிருந்து ஒரு தகவல் வர ஏறத்தாழ 50 துடிப்புகள் ஆகும். ரேமிலிருந்து வர 400 துடிப்புகள் அளவில் ஆகும். அந்த 400 துடிப்புகளிலும் கோர் பெரும்பாலும் கைகட்டி நிற்கிறது. வாடிக்கையாளர் எதிரே நிற்க, அண்ணாச்சி கிடங்கில் உளுந்து தேடிக்கொண்டிருப்பதைப் போல.

9800எக்ஸ்3டியின் விசேஷம் அலமாரி பெரிது என்பதே. அதில் 8 கோர்கள். எல்-3 கேஷ் 96 மெகாபைட். இவற்றுள் 32 மெகாபைட் கோர்கள் இருக்கும் சில்லிலேயே உள்ளது. மீதி 64 மெகாபைட் தனிச் சில்லாகச் செய்யப்பட்டு அதனோடு அடுக்கி ஒட்டப்பட்டிருக்கிறது. 2022-இல் வெளிவந்த 5800எக்ஸ்3டியில் இந்தக் கேஷ் சில்லை மேலே வைத்தனர். கீழேயிருக்கும் கோர்களின் சூடு அதைக் கடந்தே வெளியேற வேண்டியிருந்தமையால், துடிப்பின் வேகத்தைக் குறைத்து வைக்க நேர்ந்தது. 2024 நவம்பரில் வெளிவந்த 9800எக்ஸ்3டியில் அடுக்கைத் தலைகீழாக்கிக் கேஷைக் கீழே வைத்தனர். கோர்கள் குளிர்விப்பானுக்கு நெருக்கமாயின, வேகம் 5.2 கிகாஹெர்ட்ஸ் வரை உயர்ந்தது. எளிய யோசனைதான், இருந்தும் அதை எட்ட இரண்டரை ஆண்டுகள் பிடித்தன.

9950எக்ஸ் 2024 ஆகஸ்டில் வந்தது. அதில் கோர்கள் 16. இரண்டு சில்லுகளில் எட்டெட்டாக உள்ளன. கேஷ் 64 மெகாபைட் என்று எழுதியிருந்தாலும், சில்லுக்கு 32 மெகாபைட்தான். ஒரு சில்லிலிருக்கும் கோருக்கு அடுத்த சில்லின் கேஷ் பக்கத்து வீட்டு அலமாரி. கேட்டு வாங்கி வரலாமேயன்றிக் கை நீட்டி எடுக்க முடியாது. வேகத்தின் உச்சம் 5.7 கிகாஹெர்ட்ஸ். அறிமுக விலை அமெரிக்காவில் 649 டாலர். மற்றதற்கு 479 டாலர்.

கோர் இரு மடங்கானால் வேலையும் இரு மடங்கு விரைவாக நடக்க வேண்டாமா என்று அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. விடை கும்பளங்கிக் கரையிலேயே இருக்கிறது. சீனவலையைக் காயலில் இறக்கித் தூக்க நாலைந்து பேர் வேண்டும். இருபது பேர் கயிற்றைப் பிடித்தாலும் வலை இறங்கும் நேரமும் மீன் சேரும் நேரமும் குறையப் போவதில்லை. ஆனால் இறால் உரிக்கும் கூடத்தில் நிலைமை வேறு. பத்துப் பெண்கள் உரிக்கிற குவியலை இருபது பெண்கள் பாதி நேரத்தில் முடித்துவிடுவர். ஏனெனில் ஒருத்தி கையிலுள்ள இறாலுக்கும் மற்றொருத்தி கையிலுள்ளதற்கும் சம்பந்தமில்லை.

விளையாட்டு பெரிதும் சீனவலை இனத்தைச் சேர்ந்தது. ஆடுகிறவன் பொத்தானை அழுத்தியது என்ன, அதனால் அவன் எங்கே நகர்ந்தான், சுவரில் மோதினானா, எதிரி கண்டானா என்பன ஒன்றன்பின் ஒன்றாகவே தீர்மானிக்கப்பட வேண்டும். வினாடிக்கு 60 படங்கள் காட்டுவதாயின், ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லி வினாடிக்குள் இவ்வளவும் முடிய வேண்டும். வேண்டிய தகவல்களும் நினைவகத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாய்ச் சிதறிக் கிடக்கும். இவ்விடத்தில் கோரின் எண்ணிக்கையைவிட அலமாரியின் அளவே பேசுகிறது. ஆகவே பெரும்பாலான விளையாட்டுகளில், பாதி கோர்களே உடைய 9800எக்ஸ்3டி விலை கூடிய 9950எக்ஸை முந்திவிடுகிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

வீட்டுப் படம் வரைவது இறால் உரிப்பு. அண்ணாச்சியின் மகள் கொரோனா என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறாள். (நோய்க்கு முன்பே வைத்த பெயர், பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்.) அது ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று கோடிக்கணக்கில் கணக்கிடுகிறது. ஒரு கதிரின் கணக்கு மற்றொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. மேலும் வரைகலை அட்டையை நம்பாமல் செயலியைக் கொண்டே இம்மென்பொருள் வரைகிறது. இவ்வகை வேலையில் 9950எக்ஸ் மற்றதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் விரைவானது. முன்னதில் 60 நிமிடம் பிடிக்கும் படம் பின்னதில் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிளெண்டர் போன்ற மென்பொருளில் வரைகலை அட்டையைக் கொண்டு வரைகிறவர்க்கு இக்கணக்குப் பொருந்தாது. அவர்கள் செயலியில் மிச்சம் பிடித்து அட்டையில் செலவிடுவதே புத்திசாலித்தனம்.

எல்லாத் தொழிலும் இறால் உரிப்பாக அமைந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜீன் அம்டால் என்ற கணிப்பொறி வல்லுநர் 1967-இல் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு வரிசையாகவே செய்தாக வேண்டியதாயின், 8 கோர்கள் அதை 4.7 மடங்கு விரைவாக்கும். 16 கோர்களோ 6.4 மடங்குதான் விரைவாக்கும். கோர் இரட்டித்தது; பயன் மூன்றில் ஒரு பங்கு அளவே கூடியது. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் கணிப்பொறி வாங்குகிறவர் 16 கோர்களுக்குப் பணம் கொடுப்பது, இருவர் உண்ணும் வீட்டுக்குக் கல்யாண அண்டா வாங்குவதாகும்.

மகனுடைய கட்சியையும் கேட்டோம். அவனிடம் இருக்கும் திரை வினாடிக்கு 60 படங்களே காட்ட வல்லது. இரண்டு செயலிகளும் அவன் ஆடும் விளையாட்டில் அதற்கு மேலேயே தரும். மிகுதியைத் திரை காட்டாது. வினாடிக்கு 240 படம் காட்டும் திரையும் விலையுயர்ந்த வரைகலை அட்டையும் வைத்துப் போட்டிகளில் ஆடுகிறவர்க்கே அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். இதை அவன் அவ்வளவு விருப்பத்துடன் ஒப்புக்கொண்டான் என்று சொல்ல மாட்டோம். இணைய விளையாட்டுப் போட்டிகளை 2022 டிசம்பரில் மத்திய அரசு பல்விளையாட்டுப் போட்டிகளின் ஓர் அங்கமாக ஏற்றுக்கொண்டதை எடுத்துக்காட்டி வாதாடினான். அது உண்மையே. ஆயினும் அவன் இதுவரை எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 9800எக்ஸ்3டிக்கு 120 வாட், 9950எக்ஸுக்கு 170 வாட் என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும், முழுமூச்சில் வேலை செய்கையில் பின்னது 200 வாட் வரை இழுக்கும். எட்டு மணி நேர வேலைக்கு 1.6 யூனிட் செயலிக்கு மட்டுமே. இரண்டு பெட்டிகளிலும் குளிர்விப்பான் வைத்து வருவதில்லை. தனியே வாங்க வேண்டும். கொட்டேஷனில் இருந்ததோ மலிவான சிறு விசிறி. கும்பளங்கியின் புழுக்கத்தில் அது போதாது. செயலி 95 பாகை எட்டியதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்புறம் 16 கோர் இருந்தும் என்ன பயன்? காயற்காற்றின் ஈரமும் உப்பும் வேறு. பெட்டியைச் சன்னலருகே வைக்கலாகாது என்றும் சொல்லி வைத்தோம்.

இரண்டின் குணமும் ஒருங்கே வேண்டுவோர்க்கு 9950எக்ஸ்3டி என்ற ஒன்று 2025 மார்ச்சில் வெளிவந்தது. 16 கோர்கள், 128 மெகாபைட் கேஷ். அதன் அறிமுக விலை 699 டாலர். சிட்டிப் பணம் அதுவரை எட்டவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி, திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகா என நம் நாட்டிலேயே உருவான செயலிகளை வாங்கலாகாதா என்று நேயர் எவரேனும் கேட்கக்கூடும். அவை கருவிகளையும் சாதனங்களையும் இயக்குவதற்கென முதலில் அமைந்தவை. இந்தப் பந்தயத்தில் அவை ஓடவில்லை.

9950எக்ஸ் வாங்குவதென்று முடிவாயிற்று. செயலிக்குக் கூடிய தொகையையும் நல்ல குளிர்விப்பானின் விலையையும் ஈடுகட்ட, கண்ணாடிப் பெட்டிக்கும் வண்ண விளக்குகளுக்கும் எழுதியிருந்த தொகை அடிபட்டது. மதர்போர்டு இரண்டுக்கும் பொதுவான ஏ.எம்.5 இனமாதலால், பிற்காலத்தில் செயலியை மட்டும் மாற்றிக்கொள்ளவும் இடமிருக்கிறது. இப்போது அவ்வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் இயந்திரம் மகளுக்கு; அதற்கு முன் மகனுக்கு. சென்ற வாரம் அரிசி வாங்கப் போனபோது, ஒரு வீட்டின் படத்தை அண்ணாச்சி தம் கைப்பேசியில் காட்டினார். வாசலில் தென்னை, திண்ணையில் வெயில். "இன்னும் வானமே தோண்டலை சார்" என்றார்.